நான்காவது கட்டம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
லாரிகள் தூங்கும் வரிசைக்குப் பின்னால் எங்கள் கோடவுன்.
கப்பலில் வந்து, யாரும் கேட்டு வராத சரக்குக்கு
ஏலப் பட்டியல் எழுதுவது என் வேலை.
பெயர், செய்பொருள், எடை, பயன்பாடு.
நான்கு கட்டம். நான்காவது ரொம்பச் சின்னது.

யோகோஹாமா பெட்டி.
மூன்று நோட்டீசுக்கும் பதில் இல்லை.
அட்டைக்குள் மரம், மரத்துக்குள் துணி,
துணிக்குள்
ஒரு கறுப்புப் பூசணி.

"இன்னாமே இது, திருஷ்டிக்கா?" என்றான் டெல்லஸ்
ஃபோர்க்லிஃப்டை அணைக்காமலே.

ஆறு புடைப்பு. தங்கப்பொடியில் சாய்ந்த புல்.
தலையில் வலை போலப் பின்னிய செம்பு மூடி.
பெட்டியடியில் மடித்த தாள், டைப் அடித்தது:

ஐந்நூறு வருடத்துக்கும் மேல்.
உள்ளே சாம்பல், சாம்பலுக்குள் கங்கு, மேலே அகில் சீவல்.
இதன் மேல் அங்கியை விரித்தால்
கைமடிப்பில் மணம் ஏறும்.
கறுப்பு ஒரு மரத்தின் பால்;
பச்சையாகப் பட்டால் தோல் கொப்பளிக்கும்.
வெயிலில் காயாது,
ஈரக்காற்றில்தான் காயும்.

ஈரக்காற்றில்தான் காயும்!
மூன்று நாளாய் எங்கள் மாடிக்கொடியில் தொங்கும் ஜீன்ஸுக்கு
யாராவது போய்ச் சொல்லுங்கள்.

கொப்பளம் எனக்குத் தெரியும்.
பழைய வண்ணாரப்பேட்டை, எட்டு வயது.
சலவைக்கு வந்த சட்டைகளின் காலரில்
சேராங்கொட்டைப் பாலால் அப்பா குறி போடுவார்.
மூன்று புள்ளி வக்கீல் வீடு,
புள்ளியும் கோடும் பல் டாக்டர்.
அவர் டீ குடிக்கப் போன நேரத்தில்
அந்தக் குச்சியால் கன்னத்தில் பொட்டு வைத்துக்கொண்டேன்.
பத்து நாள் முகம் வீங்கி ஒரு கண் திறக்கவில்லை.

செல்லில் தேடினால்
இரண்டும் ஒரே சாதி மரமாம்.
சாதி என்ற சொல்லை
மரத்துக்கு மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

கதவு திறந்தே கிடக்கிறது.
கிழக்கே காசிமேடு, மேற்கே மணலி,
காற்று குழம்பினால் இரண்டும் ஒன்றாக.
நாற்றம் என்றால் ஒருகாலத்தில் நறுமணம் என்று
பள்ளியில் படித்தேன். இரண்டு மார்க் கேள்வி.
எந்த ஆலை வந்தபோது பொருள் மாறியது என்று
யாரும் கேட்கவில்லை.

மூடியைத் தூக்கி மூக்கைக் கொண்டுபோனேன்.
டீசல்தான்.

தாளின் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன்:
அந்த ஊரில் மணத்தை முகர்வதில்லை,
கேட்பார்களாம்.

டெல்லஸ் எஞ்சினை அணைத்தான்.
ராயபுரம் கோயிலில் ஆறு வருடம்
பூசைக்குத் தூபம் ஆட்டிய பையன் அவன்.
இறங்கி வந்து, கையைக் காக்கியில் துடைத்து,
உள்ளே ஒரு விரல் விட்டான்.
நகத்தளவு சாம்பல்.
"கங்கு இல்லாம இது வாயத் தொறக்காதுமே" என்றான்.
என்றாலும் அதைத் தன் கைமடிப்பில் தேய்த்து
என் பக்கம் நீட்டினான்.

டீசல். வியர்வை. காலையில் தின்ற கருவாடு.
அதற்கும் பின்னால்
ரேஷன் வரிசையில் கடைசியாக நிற்கிற ஆள் மாதிரி
ஒன்று.
இருந்தது என்றும் சொல்ல மாட்டேன்.

நான்காவது கட்டத்தில் எழுதினேன்:
துவைத்த பிறகு.

அப்ரைசர் அதை அடித்து
'அலங்காரப் பொருள்' என்றார்.
செவ்வாய் ஏலத்தில் மின்ட் தெரு ஆள் ஒருவர்
இரண்டு உடைந்த ரைஸ் குக்கரோடு சேர்த்து எடுத்தார்.
கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை வரை அந்தச் சட்டையைத்
தண்ணியில் போடவில்லை என்று டெல்லஸ் சொல்கிறான்.
எப்படி நம்புவது?
அவனிடம் இருக்கிற மூன்றும் ஒரே காக்கி,
எதிலும் குறி கிடையாது.